பொருள்: நீல நிறச் சைக்கிள் ஒன்று

"மன்னிப்புக் கேளுங்க."

இதைச் சொன்னபோது அவள் சைக்கிளுக்கு அடியில் கிடந்தாள். ஒரு கால் செயினோடு சிக்கியிருந்தது, இன்னொரு கால் நடைபாதை விளிம்பில் தொங்கியது. முகத்துக்கு நேரே, அரை அடி தூரத்தில், ஒரு காரின் பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து பளபளவென்று ஒரு கறுப்பு ஷூ இறங்கியது. அவளைப் பார்த்ததும் மறுபடி உள்ளே போய்விட்டது.

"உள்ள இழுத்துக்கிட்ட காலை வெளிய வச்சு, மன்னிப்புக் கேளுங்க."

அம்மா அவளுக்குப் போட்ட தடை வாழ்நாளில் ஒன்றே ஒன்றுதான். இருபத்திரண்டு வருடம் ஊரார் அலுவலகங்களைப் பெருக்கித் துடைத்து மகளைப் பட்டதாரி ஆக்கிய அம்மா. "சம்பளம் கேளு, லீவு கேளு, குடை கேளு. பெரிய மனுஷங்ககிட்ட மன்னிப்பு மட்டும் கேக்கச் சொல்லாத. சொன்னா வேலை போகும். சொல்லாட்டி மரியாதைதான் போகும். மரியாதை திரும்பி வந்துரும்டி, வேலை வராது."

அன்று திங்கட்கிழமை காலையும் இதே உபதேசம்தான். அதைக் கேட்டு முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது. படியில் உருண்டோடி, சைக்கிள் பூட்டில் சாவியைத் திணித்து, அது மக்கர் செய்ததும் நாலு திட்டுத் திட்டித் திருகி, முழங்கால் ஹேண்டிலில் இடிக்க இடிக்க மிதித்து வந்தாள். பிறகு இந்தக் கதவு. இடது பிரேக்கைப் பிடித்தாள். பிடி கையோடு வந்தது, பிரேக் வரவில்லை.

அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். இயற்பியல் பட்டம். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று மூன்று வருடம் படித்தவளிடம் போய், இடித்தவர் சும்மா போகட்டும் என்றால் எப்படி?

காரிலிருந்து கோட்டும் டையுமாக ஒருவர் இறங்கினார். அக்குளில் ஒரு ஃபைல்.

"ஏம்மா, பாத்து வரக் கூடாதா?"

"பாத்துத்தான் வந்தேன். ரோட்டைப் பாத்து வந்தேன். ரோட்டுல கதவு முளைக்கும்னு எங்க பாடப் புஸ்தகத்துல போடல."

கூட்டம் சேர்ந்துவிட்டது. "விடும்மா, பெரியவரு" என்றது ஒரு குரல்.

"பெரியவர் மூஞ்சியில ஒரு கண்ணாடி இருக்கு. வண்டியில ஒரு கண்ணாடி இருக்கு. ரெண்டுல ஒண்ணுலயாவது பாத்திருக்கலாம்ல?"

கோட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"வர்றேன். மன்னிப்பு?"

"சைக்கிளைச் சரி பண்ணித் தர்றேன்."

"சந்தோஷம். மன்னிப்பு?"

"புதுசே வாங்கித் தர்றேம்மா!"

"புதுசு யாரு கேட்டா? நான் கேட்டது ஒரு வார்த்தை. அது கடையில கிடைக்காது."

"முப்பது வருஷ சர்வீஸ்ல நான் தப்பு பண்ணிட்டேன்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

"சொன்னவங்களுக்கு வேலை போயிருக்கும்" என்றாள். உதட்டில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "இனிமே வாயால சொன்னாலும் பத்தாது. எழுதிக் குடுங்க."

சமாதானத்துக்கு டிரைவர் முன்வந்தார். சைக்கிளைத் தூக்கி டிக்கியில் திணித்தார். போகவில்லை. முட்டுக்கொடுத்துத் திணித்தார். 'டங்' என்றது.

"என்ன சத்தம்?"

"கேரியர்மா. லேசா வளைஞ்சிருக்கு."

"அதையும் எழுதணும்."

டிக்கி மூடவில்லை. கட்டக் கயிறு இல்லை. டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சார், உங்க டையைக் கொஞ்சம்..." என்றார்.

கிளினிக்கில் நர்ஸ் படிவத்தை எடுத்து, எப்படி அடிபட்டது என்று கேட்டாள்.

"சைக்கிள் வந்து கதவுல மோதிச்சு" என்றார் அவர்.

"கதவு வந்து சைக்கிள்ல மோதிச்சு" என்றாள் இவள்.

"கதவு எப்படிம்மா வரும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்!"

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "ரெண்டும் வழியில சந்திச்சுக்கிச்சுன்னு எழுதிக்கட்டுமா? பின்னால ஆறு பேர் நிக்கறாங்க."

இடது மணிக்கட்டில் சுளுக்கு. கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். எழுதுகிற கை தப்பித்தது. கோட்டுக்காரருக்கு அதுதான் கெட்ட நேரம்.

காரில் ஏறியதும் டிரைவர் கேட்டார். "எங்கம்மா எறக்கி விடணும்?"

"எடைச் சோதனைக்கூடம். ரெண்டாவது சிக்னல் தாண்டி, பச்சை கேட்டு."

பின்சீட்டில் ஃபைல் நழுவி விழுந்தது. டிரைவர் கண்ணாடியில் முதலாளியைப் பார்த்தார். "சார், நாமளும் அங்கதானே..."

"ரோட்டைப் பாத்து ஓட்டுப்பா."

"இதைத்தான் நானும் காலைலேர்ந்து சொல்றேன்" என்றாள் அவள்.

கடைகளில் இருக்கிற தராசு, கிடங்கில் இருக்கிற மேடைத் தராசு, மருந்துக்கடையில் மில்லிகிராம் காட்டுகிற தராசு எல்லாவற்றையும் சோதித்து, சரியாகத்தான் எடை காட்டுகிறது என்று சான்றிதழ் தருகிற இடம் அது. அந்தக் கூடத்துக்கே சான்றிதழ் தருகிற ஆய்வாளர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவார். இன்று வருகிறார் என்று மேனேஜர் காலை ஏழு மணியிலிருந்து பூங்கொத்தோடு வாசலில் நின்றார்.

கார் வந்தது. ஆய்வாளர் டை இல்லாமல் இறங்கினார். மறுபக்கம், கையில் கட்டும் முழங்காலில் கிழிசலுமாக மேனேஜரின் பயிற்சி ஊழியை இறங்கினாள். டிக்கியிலிருந்து ஒரு சக்கரம் எட்டிப் பார்த்தது.

மேனேஜர் பூங்கொத்தை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் டிரைவரிடம் கொடுத்துவிட்டார்.

அவளுக்கு அங்கே 'தராசு' என்றுதான் பெயர். இரண்டு தட்டும் சமமாக நிற்கிறவரை விடமாட்டாள். பொருளின் எண்ணைப் பார்க்காமல் சோதனையைத் தொடங்கக் கூடாது என்பது அங்கே முதல் விதி. போன மாதம் ஒருவர் எண்ணைப் பார்க்காமல் மீன் கடைத் தராசின் சான்றிதழை நகைக் கடைக்கு எழுதிவிட்டார். மேனேஜர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. இவள் சொன்ன சொல்லில் மனிதருக்கு மூன்று நாள் காய்ச்சல்.

ஆய்வாளருக்குக் காபி போனதும் மேனேஜர் அவளை ஓரம் கட்டினார்.

"தராசு, உன் பயிற்சிக் காலம் இன்னியோட முடியுது. உன் நிரந்தர ஆர்டர் என் டிராயர்ல இருக்கு. என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அந்த மனுஷன் கோவிச்சுக்கிட்டு நம்ம கூடத்தையே மூடிட்டார்னா, டிராயரும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன். புரியுதா?"

"புரியுது சார். அவர் ஒரு வரி எழுதினா முடிஞ்சது."

"அவருக்குப் பதிலா நான் சொல்றேன். மன்னிச்சிடு தாயே."

"கதவை நீங்களா திறந்தீங்க?"

"இல்ல."

"அப்ப அது செல்லாது."

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வழி சொன்னது ஸ்டோர் அக்கா. சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் அந்த அக்காவிடம் எதற்கும் ஒரு யோசனை இருக்கும். யோசனை எடுபடுமா என்பது வேறு கதை.

"பின்னாடி பெரிய மேடைத் தராசு ரூம் இருக்கே சார். இன்னிக்கு லிஸ்டுல அது இல்ல. சைக்கிளையும் இவளையும் உள்ள வச்சுச் சாத்திடலாம். மதியம் சாப்பாட்டுக்கு அவர் கிளம்பினதும் திறந்துவிட்டா போச்சு."

"பேஷ்!" என்றார் மேனேஜர்.

கோபத்தில் இருக்கிற இயற்பியல் பட்டதாரியை ஓர் அறையில் வைத்துப் பூட்டலாம். ஆனால் அந்த அறையில் ஒரு எடை மேடை, எஃகு அளவுகோல், கோணமானி, அறிக்கைப் படிவக் கட்டு இவ்வளவையும் விட்டுவைத்துப் பூட்டக் கூடாது.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஆய்வாளர் சுற்றிப்பார்த்துக்கொண்டே பின்பக்கம் வந்தார். கதவுக்குப் பின்னால் 'டிக், டிக்' என்று ஏதோ தட்டுகிற சத்தம்.

"இங்க என்ன?"

"ஒண்ணுமில்ல சார், எலி."

"எலி பெருமூச்சு விடுதே."

கதவைத் திறந்தார். மேடைத் தராசின் நட்டநடுவில் அந்தச் சைக்கிள் நின்றது. பக்கத்தில் அவள், காதில் பென்சிலோடு.

"இது என்ன?" என்றார் ஆய்வாளர்.

ஊழியரின் சைக்கிள் என்று மேனேஜர் சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் இருபது வருடப் பழக்கம் வாயில் வந்தது. "சோதனைக்கு வந்த பொருள் சார்."

ஆய்வாளரின் முகம் மாறியது. காரில் வந்த மனிதர் போய், முப்பது வருட சர்வீஸ் வந்து நின்றது. "சோதனைக்கு வந்த பொருள்னா அறிக்கை இருக்கணுமே. இல்லாட்டி இதையே பெரிய குறையா எழுத வேண்டியிருக்கும்."

மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கு சார்" என்று அவள் நீட்டினாள். நாலு பக்கம். படத்தோடு.

அவர் சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு படித்தார்.

"பொருள், நீல நிறச் சைக்கிள் ஒன்று. எடை, பதினேழு கிலோ இருநூறு கிராம். நிலை, பரிதாபம்." நிமிர்ந்தார். "பரிதாபம்னு ஒரு அளவு கிடையாது."

"அடிச்சிட்டு 'மோசம்'னு போட்டுக்கறேன் சார்."

"முன்சக்கரம் எட்டு வடிவம். சரி, ஒத்துக்கறேன். கேரியர் வளைவு, பதினாலு டிகிரி. அது டிரைவர் பண்ணினது."

"டிரைவர் யாருக்கு வேலை பார்க்கறார்?"

சிவப்புப் பேனா அதற்கும் ஒரு 'டிக்' போட்டது. "இடது பிரேக் இல்லை. ஏம்மா, பிரேக் இல்லாத சைக்கிளையா ஓட்டிட்டு வந்த?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் ஜம்முனு இருந்த பிரேக் சார். உங்க கதவு பட்டதும் போச்சு."

"மணியைக் காணோம். மணி எங்க போச்சு?"

"பறந்திருக்கும். வேகமும் கோணமும் மூணாம் பக்கத்துல கணக்குப் போட்டிருக்கேன். எதிர்க்கடை மொட்டை மாடியில தேடினா கிடைக்கும்."

அவர் மூன்றாம் பக்கத்தைப் புரட்டிக் கணக்கைச் சரிபார்த்தார். தப்பு இல்லை. அது அவரை மேலும் சங்கடப்படுத்தியது.

"சீட்டு மூணு அங்குலம் கீழ இறங்கியிருக்கு. ஏம்மா, கதவு பக்கவாட்டுல இடிச்சா சீட்டு எப்படிம்மா கீழ இறங்கும்?"

"இறங்கியிருக்கு இல்ல? என் உயரத்துக்கு என் கையால வச்ச சீட்டு சார் அது. கண் முன்னால இருக்கறதை நம்பாம கேள்வி கேட்டா அது அறிவியல் ஆகாது."

"துரு!" அவர் குரல் உயர்ந்தது. "துருவையும் எழுதியிருக்க! ஒரு இடியில துரு பிடிக்குமா?"

"அதிர்ச்சி."

"இரும்புக்கா?"

"பின்ன எப்படி வந்துச்சு, சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் கொட்டின மழையில வந்திருக்கும்."

"அதுதான் இல்ல!" அவள் கண்கள் மின்னின. "வெள்ளிக்கிழமை மழையில நான் சைக்கிளைத் தொடவே இல்ல. ஸ்டோர் அக்கா ஸ்கூட்டர்லதான் வீட்டுக்குப் போனேன். அக்காவையே கேளுங்க."

வாசலில் நின்ற ஸ்டோர் அக்கா பலமாகத் தலையாட்டினாள். சாட்சியே வந்துவிட்டது. துருவுக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்பு 'டிக்' விழுந்தது.

கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அதை மட்டும் அவர் உரக்கப் படிக்கவில்லை. 'முடிவு' என்று போட்டு அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "கதவைத் திறந்தவர் பின்னால் பார்க்கவில்லை. விழுந்தவளைப் பார்த்த பிறகும் வருத்தம் சொல்லவில்லை. முதலாவது தவறு. இரண்டாவது பழக்கம்."

மேனேஜர் தன் டிராயரை நினைத்துக்கொண்டார். அவள் அம்மாவை நினைத்துக்கொண்டாள்.

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டை இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"பழக்கம்தாம்மா" என்றார் மெதுவாக. "வீட்டுலயும் இதான் புகார்."

மேடைத் தராசின் விளிம்பில் தாளை வைத்து எழுதினார். 'பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தது நான். மனமார வருந்துகிறேன்.' கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். பையிலிருந்து முத்திரையை எடுத்து, ஊதி, ஒரு குத்துக் குத்தினார்.

"நான் பாத்த அறிக்கையிலயே இதான் ஒழுங்கு. இந்தக் கூடத்துக்கு அங்கீகாரம் குடுக்கறேன்" என்றார். மேனேஜருக்கு உயிர் வந்தது. "ஒரே ஒரு குறை. முதல் கட்டத்தைக் காலியா விட்டிருக்க. பொருளின் எண். பெடலுக்கு மேல, ஃபிரேம்ல கொத்தியிருப்பான். பாக்கல நீ."

"என் சைக்கிள் எனக்குத் தெரியாதா சார்?"

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். காரில் ஏறும்போது, இறங்கும் பக்கத்துக் கதவை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மேனேஜர் ஓடிப்போய் நிரந்தர ஆர்டரில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து தந்தார். அவள் அதை மடித்துப் பையில் போட்டாள். முத்திரை போட்ட தாளை மட்டும் மடிக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டாள்.

விழுந்த கதைக்கு அம்மா பதறினாள். மன்னிப்புக் கேட்கச் சொன்ன கதைக்கு "அடிப்பாவி" என்றாள். எழுதிக் கொடுத்த கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

"கைப்பட எழுதியா குடுத்தாரு?"

"சீல் வச்சு."

"அதை மடிச்சிடாதடி. அட்டைக்குள்ள வச்சு எடுத்துட்டு வா." மூக்கை உறிஞ்சினாள். "சரி அதை விடு. இங்க ஒரே அமளி. கீழ்வீட்டு டெய்லரம்மா சைக்கிளை எவனோ தூக்கிட்டான்."

"என்னது!"

"காலைல துணி குடுக்கக் கிளம்பியிருக்கா, சைக்கிளைக் காணோம். தைச்ச துணியெல்லாம் மூட்டையா கிடக்கு. இங்க உக்காந்து அழுதுகிட்டிருக்கா. சைக்கிள் கடையை இழுத்து மூடறப்ப நம்ம கட்டடத்துல எல்லாரும் ஒண்ணாப் போய் ஒரே மாதிரியா பாதி விலைக்கு வாங்கினோமே, பாவம், அதுக்கு அவ மூணு மாசம் சேத்தா."

"பூட்டை உடைச்சானா?"

"உடைச்ச அடையாளமே இல்லியாம்."

"அப்ப கைதேர்ந்தவன். பட்டப்பகல்ல, கை நடுங்காம செஞ்சிருக்கான். டெய்லர் அக்காகிட்ட போனைக் குடு."

டெய்லரம்மா விசும்பலோடு வந்தாள். "போனா போகுது கண்ணு. எந்த அவசரத்துல எடுத்தானோ, பாவம்."

"பாவமா? இப்படிப் பாவம் பாத்துப் பாத்துத்தான்க்கா நாம இப்படி இருக்கோம்! பேப்பர் பேனா எடுங்க. நான் சொல்றதை எழுதுங்க. 'திருடியவர் யாராக இருந்தாலும், எவ்வளவு பெரிய இடத்து ஆளாக இருந்தாலும், சைக்கிளைத் திருப்பித் தந்தால் மட்டும் போதாது...'"

"மெதுவா சொல்லு கண்ணு."

"'...நேரில் வந்து, கட்டடத்தில் உள்ள எல்லார் முன்னாலும், எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.' எழுதிட்டீங்களா? அடியில கையெழுத்துப் போடுங்க. ஸ்டேஷன் வாசல்ல வந்து நில்லுங்க. நான் இதோ கிளம்பிட்டேன்."

நிரந்தர ஊழியர் ஆன முதல் பத்து நிமிடத்திலேயே அவள் அரைநாள் விடுப்பு எழுதினாள். ஒரு கை கழுத்தில் தொங்க, மறு கையில் முத்திரைத் தாள் காற்றில் படபடக்க, வாசலை நோக்கி நடந்தாள். முடிவு எடுத்தாகிவிட்டது. அந்தத் திருடன் கைப்பட எழுதிய தாள் வருகிறவரை ஸ்டேஷன் படியை விட்டு எழுந்திருப்பதில்லை. ஊர் முழுக்க எல்லாரும் பின்னால் பார்க்காமல் கதவைத் திறக்கிறார்கள், பார்க்காமல் அடுத்தவர் பொருளை எடுத்துப் போகிறார்கள். ஒருத்தராவது கேட்க வேண்டாமா?

கேட்டில் மதிய ஷிப்ட் வாட்ச்மேன் அப்போதுதான் வந்து தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், நடந்தே கிளம்பிட்டீங்க?"

"என்ன பண்றது அண்ணா, என் சைக்கிள்தான் உடைஞ்சு உள்ள கிடக்கே" என்று சொல்லிக்கொண்டே அவள் தெருவில் இறங்கினாள்.

"உடைஞ்சுதா?" வாட்ச்மேன் பின்பக்க ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை மழைக்கு விட்டுட்டுப் போனதுலேர்ந்து அது அங்கேயேதானே மேடம் நிக்குது, நேத்துகூட அதோட மணியை அடிச்சுப் பாத்தேனே!"